இறங்குதுறையில் நூறு போத்தல்

"அக்கா, இவை எல்லாரும் விரதமாம்! மீன், மச்சம் ஒண்டும் கையாலயும் தொடாயினமாம்! உங்களுக்குத் தெரியுமே?"

றொஜன் மூச்சு வாங்க ஓடிவந்து கேட்டான். குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமில்லை. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிற சனம் வேட்டியும் பட்டுச்சேலையுமாகப் படகுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகிற வழியோரம் ஒரு மேசையைப் போட்டு, அவனுடைய அக்கா ஜெனீற்றா கூனி இறால் சம்பல் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள் அவள், நிமிராமலே.

"தெரிஞ்சுமே இஞ்ச வந்தனீங்கள்?"

"தெரிஞ்சபடியால்தான் இவையைப் பிடிச்சனான்."

றொஜனுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. ஆறு வயதில் தகப்பனோடு பாரிசுக்குப் போனவன், இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தான். தாய் இறந்த பிறகு அக்கா அந்தப் பெரிய வீட்டில் தனியே இருந்தாள். அவள் கைப்பக்குவத்தில் செய்த சம்பலை ஒரு வாய் தின்றதும் "அக்கா, இதை விப்பம்" என்று துள்ளியவன் அவன்தான். போத்தல், லேபல், சீல் எல்லாம் அவன் வேலை.

முதலில் யாருக்கு விற்பது என்பதில்தான் ஒரு கிழமையாக இழுபறி. "எல்லாருக்கும் ஒரேயடியா விக்க ஏலாது. முதல் ஒரு கூட்டத்தைப் பிடிக்கவேணும்" என்று மடிக்கணினியைத் திறந்து பாடம் எடுத்தான். சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்க வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள், யாழ்ப்பாணத்துப் பெரிய கடைகள் என்று கட்டம் கட்டமாகக் காட்டினான். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நயினாதீவுச் சனத்தைப் பிடிப்பம். நாளைக் குறிச்சு நான் சொல்லுறன்" என்றாள் ஜெனீற்றா. ஆயிரக்கணக்கில் சனம் வரும் என்றதும் அவனும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டான்.

அத்தோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "முதல் நாளே நூறு போத்தலுக்கும் ஆள் பிடிக்கவேணும். இல்லாட்டி வாற கிழமை நான் பாரிசுக்கு பிளேன் ஏறிடுவன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான். அங்கே அவன் வேலை செய்த ரெஸ்ரோரன்ற் முதலாளி மாதக் கடைசி வரைதான் அவனுடைய வேலையை வைத்திருப்பார். சொன்ன நாளிலிருந்து ஜெனீற்றா சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கும் போக மனமில்லை. ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

பத்து மணியாயிற்று. ஒரு போத்தலும் போகவில்லை. ஒரு தாய் மேசையைக் கண்டதும் பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டாள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் லேபலைக் குனிந்து வாசித்தார். அடுத்த கணம் அவர் முகம் சிவந்தது.

"ஏன் பிள்ளை, உமக்கு வேற இடம் கிடைக்கேல்லையே? கோயிலுக்குப் போற சனத்தின்ர கண்ணுக்கு முன்னால இறாலை வச்சுக்கொண்டு நிக்கிறீர்!"

"குறை நினையாதேங்கோ ஐயா. மூடித்தான் வச்சிருக்கிறம்" என்றாள் ஜெனீற்றா பணிவாக.

"சரவணமுத்தண்ணை, படகு வெளிக்கிடப் போகுது!" என்று யாரோ கூப்பிட, அவர் இரண்டு தரம் திரும்பி முறைத்துவிட்டுப் போனார்.

"கேட்டீங்களே? ஆக்களைக் கூட்டிக்கொண்டுவந்து மேசையைப் பிரட்டப்போறார்" என்றான் றொஜன். "வாங்கோ அக்கா, சாட்டிக்குப் போவம். குளிக்க வந்த ஆக்கள் பத்துப் போத்தலெண்டாலும் வாங்குவினம்."

"போகேக்க கண்ணில பட்டாக் காணும். வரேக்கதான் எங்கட வியாபாரம்."

"வரேக்க மட்டும் மனம் மாறிடுவினமோ?"

"பகிடி விடாதையடா, எனக்கே நெஞ்சு இடிக்குது" என்றாள். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். நிமிடத்துக்கொரு தரம் கடலைப் பார்த்தாள். கையிலிருந்த கொப்பியில் ஒன்று முதல் நூறு வரை இலக்கம் போட்டு, எதிரே போத்தலுக்குச் சொல்லிவைப்பவர்களின் பேர் எழுத இடம் விட்டிருந்தாள். ஒரு பேரும் விழவில்லை.

மத்தியானமும் போயிற்று. றொஜன் போனில் விமான நிறுவனத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரும்போல இருந்தது.

பின்னேரம் கோயிலிலிருந்து முதல் படகு திரும்பி வந்தது. கட்டுமுன்பே ஒருவர் குதித்து இறங்கினார். அதே சரவணமுத்தர்! பின்னால் ஏழெட்டு வேட்டிக்காரர். வேறெங்கும் பாராமல் நேரே மேசையை நோக்கி விறுவிறென்று வந்தார்கள்.

 றொஜன் பாய்ந்து போத்தல்களைப் பெட்டிக்குள் அள்ளத் தொடங்கினான். "ஐயா, இப்ப எடுத்திடுறம் ஐயா! அக்கா தெரியாமச் செய்துபோட்டா!"

சரவணமுத்தர் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

"ஆர் தம்பி எடுக்கச் சொன்னது? கொடி இறங்கிட்டுது, பதினாறு நாள் விரதமும் இண்டையோட சரி! நாளைக்கு விடிய எங்கட ஊர் சரவணைக்கு ஆறு போத்தல் வரவேணும். என்ர பேரை முதல் எழுதும், பின்னால வாற ரெண்டு படகிலயும் உந்தச் சம்பல் கதைதான்!"