மெத்தைக் கடையின் குரல்

ஜெசிந்தாவின் மெத்தைக் கடை இணையதளத்தைத் திறந்தால் அது பேசும். திறப்பவர் யார் சொல்லை அதிகம் நம்புகிறாரோ, அவருடைய குரலிலேயே பேசும். அது பேசத் தொடங்கிய பிறகு திண்டுக்கல்லைத் தாண்டியும் மெத்தைகள் போயின. தன் பழைய கணக்கு வாத்தியார் சொன்னதால்தான் இலவம்பஞ்சு மெத்தை வாங்கியதாக ஒருவர் எழுதியிருந்தார்.

அவள் கணவன் அமலன் மட்டும் ஒரு வருடமாக அவள் எதிரில் அதைத் திறந்ததே இல்லை. அவனுக்கு அவன் அம்மாவின் குரல்தான் கேட்கும் என்று ஜெசிந்தா முடிவே கட்டிவிட்டாள்.

அன்று காலை ஒரு வாடிக்கையாளர், குரல் பாதியில் நின்றுவிடுகிறது என்று புகார் சொன்னார்.

"கையெல்லாம் மாவா இருக்கு. நீங்க திறந்து பாருங்க," என்றாள் ஜெசிந்தா.

"அப்புறம் பாக்கலாமே."

"ஏன், உங்க அம்மா பேசுறது எனக்குக் கேட்டுடும்னு பயமா?"

வேறு வழியில்லாமல் அமலன் போனை எடுத்தான். ஜெசிந்தா சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"வாங்க. முதுகு வலின்னு சொன்னா கேக்குறீங்களா? கெட்டியான மெத்தையா பாருங்க," என்றது தளம், எங்கும் நிற்காமல். அது ஜெசிந்தாவின் குரல்.

மாவுக் கையோடு அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே திறந்து பாத்துட்டேன்."

"அப்போ ஏங்க சொல்லல?"

"சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி உன்கூட சண்டை போடுறது?"