மைக்கில் கோளாறு இல்லை

"மைக்குல ஒரு கோளாறும் இல்ல மிஸஸ் கோவல். நீங்க வராந்தாக் கடைசில நின்னு முணுமுணுத்ததுகூட இங்க கணீர்னு கேட்டுச்சு. நடுவுல மூணு சுவர் இருக்கு!" என்றார் ரோஜர். பள்ளிக் கருவிகளைச் சரிபார்க்க பிராண்டன் நகரிலிருந்து பனியில் வண்டி ஓட்டி வந்தவர்.

டீச்சர் மார்லீன் கோவலுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோளாறு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம். வகுப்பில் தான் கழுத்து மைக்கில் பேசுவது நேரே, காது மந்தமான டெஸ்ஸாவின் காதுக் கருவிக்குப் போகிறது என்றால், அந்தப் பெண் ஏன் பள்ளிக்கே வர மாட்டேன் என்கிறாள்?

ரோஜர் மைக்கின் கயிற்றை நகத்தால் சுரண்டினார். "என்ன இது, சிவப்பா? பீட்ரூட் சூப்பா? சாப்பிடும்போதுகூட கழட்ட மாட்டீங்களா?"

"காலைல மாட்டினா, கழட்டற ஞாபகமே சாயங்காலந்தான் வரும்."

"பேட்டரி பாவம், போங்க!" சிரித்துக்கொண்டே மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எதிர் நாற்காலியில் டெஸ்ஸாவின் அம்மா ஜோலீன். பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கையில் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். வின்னிபெக்கில் காது கேளாதோருக்கான பள்ளி, நாலு மணி நேரப் பயணம், விடுதியில்தான் தங்க வேண்டும்.

"கொஞ்சம் யோசிங்க ஜோலீன். ஒன்பது வயசுக் குழந்தை. உங்கள விட்டுட்டு எப்படி இருப்பா?"

"எனக்கு மட்டும் ஆசையா? அவளேதான் போறேன் போறேன்கறா. ஜனவரிலேர்ந்து பதினோரு நாள் லீவு. காலைல எழுந்தா வயித்து வலி. ஸ்கூல் பஸ் போனதும் வலியும் போயிடுது. டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார்."

"யாராவது கிண்டல் பண்றாங்களா?"

"இல்லையாம். கிண்டிக் கேட்டா அழறா. வேடிக்கை என்னன்னா, லீவு போட்ட அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு கெய்லாகிட்ட ஓடுவா. 'இன்னிக்கு எத்தனை பக்கம் முடிஞ்சுது?'ன்னு கேப்பா. நெறைய முடிஞ்சுதுன்னு கெய்லா சொன்னா முகமெல்லாம் சிரிப்பு."

"பாத்தீங்களா! படிப்பு மேல எவ்வளவு ஆசை இருந்தா அப்படிக் கேப்பா!"

அந்த ஆசை சும்மா வந்ததா? செப்டம்பரில் கடைசி வரிசையில் மண்ணுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தவள் டெஸ்ஸா. அவளுக்காக மார்லீன் இருபத்தாறு வருடப் பழக்கத்தையே மாற்றிக்கொண்டாள். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதில்லை. மற்றப் பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் மைக்கில் தானும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பாடம் ஆமையாய் நகர்ந்தது. நகரட்டுமே! கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்தப் பெண் எழுந்து நின்று ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். வகுப்பே கைதட்டியது. மார்லீன் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஜனவரியில், வகுப்பில் கூடமாட உதவிக்கு இருந்தவளையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அலுப்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அலுப்பு வேறு, டெஸ்ஸா வேறு. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

"ஒரே ஒரு தடவ நான் அவகிட்ட பேசிப் பாக்கறேன்" என்றாள்.

ஜோலீன் போய் வெளியே காத்திருந்த மகளைக் கூட்டிவந்தாள். மார்லீன் மைக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டெஸ்ஸாவின் முன்னால் முழங்காலிட்டாள்.

"கண்ணு, நான் பேசறது நல்லா கேக்குதா?"

டெஸ்ஸா தலையாட்டினாள்.

"என் மேல கோவமா?"

"இல்லையே!"

"அப்ப ஏண்டா? அம்மாவ, கெய்லாவ, என்னை, எல்லாரையும் விட்டுட்டுப் போகணுமா?"

"எனக்குப் போகப் பிடிக்கல. ஆனா போகணும்."

"யாரு சொன்னா போகணும்னு?"

டெஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நான் இருந்தா உங்களுக்குக் கஷ்டம். எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லணும்."

"யாரு அப்படிச் சொன்னது? எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நான் என்னிக்காவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"கிளாஸ்ல சொல்லல."

"பின்ன?"

"சாப்பாட்டு நேரத்துல. நாங்க எல்லாரும் கிளாஸ்ல உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டிருந்தோம். நீங்க டீச்சருங்க ரூம்ல இருந்தீங்க. மைக்ரோவேவ் சத்தம் கேட்டுச்சு. நீங்க சூப்ப உறிஞ்சினதுகூடக் கேட்டுச்சு. அப்புறம் சொன்னீங்க, 'டெஸ்ஸா வராத அன்னிக்குத்தான் பாடம் ஓடுது, என்னாலயும் மூச்சு விட முடியுது'ன்னு."

மார்லீனின் கை தானாகப் போய்க் கழுத்து மைக்கைப் பொத்தியது.

டெஸ்ஸா டீச்சரின் தோளில் கை வைத்து ஆசையாகக் கேட்டாள், "பதினோரு நாளும் நல்லா மூச்சு விட்டீங்களா மிஸஸ் கோவல்?"