உள்ளே போகக் கூடாதவர்

படப்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டரில், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த சாம்சன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்.

"மேடம், என் சம்சாரத்துக்கு மூளை ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் கீது. உள்ள அவ்ளோ பெரிய காந்தம். இழுத்துடாதா?"

டெக்னீஷியன் ஸௌம்யா ஸ்டென்ட் கார்டை மறுபடி சரிபார்த்தாள். "டாக்டரும் பார்த்துட்டார். இந்த ஸ்டென்டை எங்க மெஷின் ஒண்ணும் பண்ணாது."

பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஜாஸ்மின் சிரித்தாள். "நானே தைரியமா கீறேன். நீ ஏன்யா அழுவுற?"

"அழுவல. கண்ணுல தூசு."

"எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்றான்."

"மேடம், நானும் உள்ள வந்து இவ கையப் புடிச்சிக்கிறேன். செல், பெல்ட் எல்லாம் கழட்டிட்டேன்."

ஸௌம்யா அவனது சிவந்த கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"கம்பெனியில என்ன வேலை?"

"கிரைண்டிங். இரும்பு ராவுறது."

"அப்போ நீங்க உள்ளே வரக் கூடாது. கண்ணுல இருக்கிற தூசு இரும்புத் துகளா இருந்தா காந்தம் இழுக்கும். கண்ணே போயிடும். உடனே கண் டாக்டரைப் பாருங்க."

மறுபடி கண்ணைக் கசக்கப் போன சாம்சனின் கை அப்படியே நின்றது.

ஸ்கேன் அறை வாசலில் ஜாஸ்மின் திரும்பினாள்.

"கசக்காதய்யா. முடிஞ்சதும் நானே உன்ன கண் டாக்டராண்ட இட்டுக்கினு போறேன். பயப்படாத, கையப் புடிச்சிக்கிறேன்."