குதிகாலோடு குதிகால்

ஹார்லெம் நகரம் ஸ்பானியப் படையிடம் விழுந்த வாரம், ஊரைக் காத்து நின்றவர்களை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு கட்டி ஆற்றில் தள்ளினார்கள். லைஸ்பெத்தின் கணவன் யோரிஸும் காலில் மாட்டிய மரச்செருப்போடு அப்படித்தான் போனான். அவனைத் தள்ளிய சிப்பாய் பாஸ்குவால் இப்போது அவள் வீட்டிலேயே தங்கித் தின்றுகொண்டிருந்தான். அவள் தேய்த்துக் கழுவிய தரையில் சேற்றுப் பூட்ஸோடு நடப்பான்.

“இந்த ஊர்ல நாய்கூட காலைத் தொடச்சுட்டுத்தான் உள்ள வரும். வாசல்ல கழட்டுடா!” என்று அவள் தினமும் கத்துவாள். அவன் சிரிப்பான்.

ஒரு காலையில் யோரிஸின் மரச்செருப்பு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அதன் குதிகாலை ஒட்டி, எதிர்ப்பக்கம் பார்த்தபடி, வேறு யாருடையதோ ஒரு ஜோடி.

“எவன்டி வந்தது?” என்றான் பாஸ்குவால்.

“நீ தள்ளுனவன்தான், முதுகோட கட்டுன ஆளையும் கூட்டிக்கிட்டு. அவன் வீட்டுக்கு அவன் வராம வேற யாரு வருவா?”

அவன் அந்த இன்னொரு ஜோடியைத் தூக்கி அடுப்பில் போட்டான்.

மறுநாள் பாஸ்குவாலின் படுக்கை காலியாக இருந்தது. தரையில் ஒரு சேற்றுத் தடம்கூட இல்லை. வாசலில் யோரிஸின் மரச்செருப்போடு குதிகால் ஒட்டி அவனுடைய பூட்ஸ் நின்றது. அதிலிருந்து ஆற்றுநீர் வழிந்தது.

“இன்னிக்காவது கழட்டணும்னு தோணுச்சே, பாவி,” என்றாள் லைஸ்பெத்.

யோரிஸின் செருப்பை அடுப்போரம் காயவைத்தாள். பூட்ஸைத் துடைப்பத்தாலேயே வாசலுக்கு எதிரே ஓடிய ஆற்றில் தள்ளினாள்.