முதல் துண்டு ஐயாவுக்கு

"முதல் துண்டு ஐயாவுக்குத்தான்," என்று முள்ளங்கி ஊறுகாயை மெல்லிசாக அரிந்து, தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள் ஊறுகாய்க்காரி தொமே.

பக்கத்தில் பழைய ராணுவக் கம்பளிகளை விரித்து விற்றுக்கொண்டிருந்த ஷிகேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஆளுக்கா? உனக்கு ரோஷமே கிடையாதா அக்கா?"

"சும்மா இருடி. வந்தவங்களுக்குக் கொடுக்க வேண்டாமா?"

வந்தவர் குசாகபே. போர்க்காலத்தில் அவர்தான் தெருச் சங்கத் தலைவர். யார் வீட்டில் என்ன முணுமுணுப்பு என்று மோப்பம் பிடித்துப் போலீசில் சொல்லிக்கொண்டிருந்தவர்.

குண்டு விழுந்து தெருவே சாம்பலானது. நாடு தோற்றது. இவர் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். ஜெயித்துவிட்டால் தெரு மறுபடி அவர் கைக்குள். ஆனால் இப்போது பெண்களுக்கும் ஓட்டு உண்டு. ஓஸாகாவின் இந்தக் கள்ளச் சந்தையில் கடை போட்டிருப்பவர்களில் பாதிப்பேர் போரில் புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்த பெண்கள். தொமே சொன்னால் கேட்பார்கள்.

"அடடா, என்ன ருசி!" குசாகபே நாக்கைச் சப்புக்கொட்டினார். "தொமே அம்மா, நாளைக்குக் கூட்டத்துல எனக்காக நாலு வார்த்தை பேசணும்."

"அப்போ 'ஏய்'. இப்போ 'அம்மா'!" என்றாள் ஷிகே, கம்பளியை உதறியபடி. "ஒரு ஓட்டுச் சீட்டு என்னமா மரியாதை கத்துக்கொடுக்குது!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். குசாகபேயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, குரலைத் தழைத்தார்.

"சிரிங்க, பரவாயில்ல. ஆனா இந்தத் தெருப் பசங்க எனக்கும் பிள்ளைங்கதான். தொமே அம்மாவோட மகன் மினோரு தெற்குக் கடல்ல வீரமரணம் அடைஞ்சப்ப, வெள்ளைத் துணி சுத்தின அஸ்திப் பெட்டியை நானே நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வந்து கொடுத்தேன். அப்பா, என்ன கனம்! வீரனோட எலும்பு கனமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஆமாங்க," என்றாள் தொமே. "பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னீங்க. அழக் கூடாதுன்னீங்க. அழுதா சக்கரவர்த்திக்கே அவமானம்னீங்க."

"அந்தக் காலம் அப்படிம்மா."

"நானும் அழலையே."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். காற்று தன் பக்கம் அடிக்கிறது என்று குசாகபே நினைத்துக்கொண்டார். "அப்ப, பேசுவீங்கதானே?"

"நாளைக்கு எதுக்குங்க? இங்கேயே பேசிடறேன், எல்லாரும்தான் இருக்காங்களே." தொமே பக்கத்திலிருந்த ஊறுகாய்ப் பீப்பாயைக் காட்டினாள். "அதுக்கு முன்னால இவங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துடலாம். எனக்கு இடுப்பு வலி. மூடிமேல பாரமா வச்சிருக்கிற கல்லைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

ஓட்டுக் கேட்டு வந்தவர் மாட்டேன் என்பாரா, சொல்லுங்கள்! குசாகபே சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார்.

கல்லை வெள்ளைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. ஊறுகாய்த் தண்ணீர் ஊறி, துணி பழுப்பேறிக் கிடந்தது. நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் அதைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றார்.

"யப்பா! ஊறுகாய் ருசிக்கு இந்தக் கல்லுதான் காரணம்போல. எங்கேம்மா பிடிச்சீங்க இதை?"

தொமே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பு வலி எங்கே போனதோ, அன்றைக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டபோது குனிந்ததைப் போலவே, இடுப்பு மடங்க அவரைக் குனிந்து வணங்கினாள்.

"நீங்கதானே ஐயா கொடுத்தீங்க, என் மகன்னு சொல்லி."