முதல் கையெழுத்து

எனிட் அந்தப் பேனாவை வாங்கி, மூடியை இறுக்கி மூடி, ஆற்றுக்குள் வீசி எறிந்தார்.

மிஸ்டர் லாங்ஸ்டாஃப் கையில் கேக் தட்டோடு அப்படியே நின்றார். மனைவி செய்த காரியத்தில் டெரக்குக்கு முகம் சிவந்துவிட்டது.

பெரிய வீட்டையும் அதை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தையும் லாங்ஸ்டாஃப் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாக வைத்த கதவை அகலத் திறந்து, பக்கத்தில் மேஜை போட்டுக் காத்திருந்தார். மேஜையில் ஃபிளாஸ்க் நிறைய டீ, எலுமிச்சை கேக், தோல் அட்டை போட்ட ஒரு வருகைப் பதிவேடு.

செவர்ன் ஆற்றோரச் சிவப்புப் பாறையில் பழங்காலத் துறவிகள் குடைந்த குகைக்கு, அந்த நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய வேலியை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருடத்திலிருந்து ஊரே அப்படித்தான் போகிறது. எனிட்டும் டெரக்கும் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அன்றும் முதலில் வந்தவர்கள் அவர்கள்தான்.

"ஒரு சின்னக் கையெழுத்து, மிஸஸ் டிப்டன். ஒரு ஞாபகத்துக்குத்தான்" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார் லாங்ஸ்டாஃப்.

எனிட் பக்கத்தின் உச்சியில் அச்சடித்திருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "நில உரிமையாளரின் அன்பான அனுமதியோடு இவ்வழி வந்தோர்." பிறகு நிமிர்ந்து, "நான் எப்ப உங்ககிட்ட அனுமதி கேட்டேன்?"

"நீங்க கேக்கவே வேண்டாம். நானா கொடுக்கறேன்."

"கேக்காதவளுக்கு எதுக்குக் கொடுக்கறீங்க?"

அதற்குப் பிறகுதான் பேனா ஆற்றுக்குப் போனது.

திறந்திருந்த கதவை எனிட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபதடி தள்ளி, சாலையோரப் புதர்வேலியைத் தாண்ட ஊர்க்காரர்கள் போட்ட மரப்படி இருந்தது. அதில் ஏறி, செந்தட்டிச் செடி கையெல்லாம் அரிக்க, அந்தப் பக்கம் இறங்கினார். டெரக் கதவு வழியாகவே போனார். போகிற போக்கில் ஒரு துண்டு கேக்கும் எடுத்துக்கொண்டார்.

"உனக்கு வெட்கமா இல்ல? கூப்பிட்டு டீ கொடுக்கற மனுஷன்கிட்டயா இப்படி?" என்றார், கொஞ்ச தூரம் போனதும்.

"கேக் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப வாயத் துடை. மீசையெல்லாம் அனுமதி ஒட்டியிருக்கு."

டெரக்குக்குச் சிரிப்பு வரவில்லை. "போன வருஷம் சர்ச் பெஞ்சுக்குச் சண்டை. அதுக்கு முன்னாடி பஸ் நிறுத்தத்துக்கு. யாராவது ஏதாவது கேட்டா, ஒரு தடவையாவது சரின்னு சொல்லியிருக்கியா நீ?"

"கல்யாணத்தன்னைக்குச் சொன்னேனே."

குகை வாசலில் உட்கார்ந்து, தடித்துப் போயிருந்த மணிக்கட்டில் எனிட் பச்சிலையைத் தேய்த்தார். கீழே மழைத்தண்ணீர் கலந்து ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. டெரக் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்.

"அந்த ஆள் கோபத்துல கதவைப் பூட்டிட்டா ஊரே நம்மளத்தான் திட்டும், எனிட்."

"பூட்டட்டும். பூட்டின கதவு முன்னாடி நின்னு சண்டை போடறேன். திறந்துவிட்டதுக்கு நன்றி சொல்ல மட்டும் என்னால ஆகாது. இது நாம நடந்த வழி."

இவளிடம் பேசிப் பயனில்லை என்று டெரக்குக்குத் தெரியும். நாற்பத்தோரு வருட அனுபவம். ஆனால் லாங்ஸ்டாஃப் தட்டோடு நின்ற கோலம் மனதை விட்டுப் போகவில்லை. தொப்பியை எங்கோ விட்டுவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முன்னால் கிளம்பினார். மன்னிப்புக் கேட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கதவருகே லாங்ஸ்டாஃப் இல்லை. டீக்கு வெந்நீர் எடுக்க உள்ளே போயிருக்க வேண்டும். தூறல் போட்டதாலோ என்னவோ, அதற்குப் பிறகு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. பதிவேட்டின் முதல் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. டெரக் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துத் திறந்தார்.

அப்போது சாலையில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் மரக்கம்பங்களும் முள்கம்பிச் சுருள்களும் ஏற்றியிருந்தார்கள். ஓட்டுநர் ஜன்னலைக் கீழே இறக்கி, மேஜையையும் டெரக்கையும் பார்த்தார்.

"பெரியவரே, லாங்ஸ்டாஃப் வீட்டு ஆளா? கையெழுத்து வாங்கியாச்சா?"

"எதுக்குக் கேக்கற?"

"வாங்கினாதானே நான் சரக்கை இறக்க முடியும். யாரையும் கேக்காம இருபது வருஷம் நடந்துட்டா அது ஊர்ப் பொதுவழி ஆயிடுமாம், அப்புறம் அடைக்க முடியாதாம். இந்த மாசத்தோட இருபது முடியுதாம். இருபது வருஷமும் விடாம நடந்ததுக்குச் சாட்சி யாரோ டிப்டன்னு புருஷன் பொண்டாட்டி மட்டும்தானாம். ரெண்டுல ஒருத்தர் அனுமதியோட வந்தேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும், இவர் சாயங்காலமே வேலி போட்டுடலாம்னு வக்கீல் சொன்னாராம்."

டெரக் பேனாவை மெதுவாக மூடினார். பதிவேட்டையும் மூடினார்.

"வண்டியைத் திருப்பு தம்பி. அந்த ரெண்டு பேருக்குமே எழுதத் தெரியாது."