பிப் யாருடைய நாய்

“கயித்த அவுத்து விடு,” என்றார் நீதிபதி மேஜர் ஃபேன்ஷா. “நாய் யார் காலடியில போய் உக்காருதோ அவன்தான் எஜமான். அவன்தான் திருடன்.”

சாலமோன் அரசருக்கே இது தோன்றியிருக்காது என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்.

மதுக்கடையின் பின்னறைதான் அன்றைக்கு நீதிமன்றம். சுவரில் மன்னர் படம். அறை முழுக்க நேற்றைய பீர் வாடை. மேசைமேல் சாட்சிப் பொருளாக, எஸ்டேட் காட்டில் நாயோடு சேர்த்துப் பிடிபட்ட ஒரு செத்த முயல்.

ஜெத்ரோ லார்ட்டர் தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றான்.

நாய் அவனிடம் வந்தால், எஸ்டேட் காட்டில் திருட்டு வேட்டை ஆடிய குற்றத்துக்குச் சிறை. குடியிருக்கும் வீடும் எஸ்டேட்டுடையது, அதுவும் போகும். நாய் யாரிடமும் போகாவிட்டால் அது நாதியற்ற நாய். அப்படிப்பட்ட நாய்க்குக் கொல்லைப்புறத்தில் ஒரு தோட்டா என்று எஸ்டேட் காவலாளி கேச்போல் துப்பாக்கியோடு காத்திருந்தான்.

தன்னிடம் வராது என்பது ஜெத்ரோவுக்குத் தெரியும். அதுதான் பயமே.

பிப் ஒரு குட்டை லர்ச்சர், திருட்டு வேட்டைக்கென்றே வளர்க்கும் கலப்பு நாய். தாய் விப்பெட், தகப்பன் பெட்லிங்டன் டெரியர். காலும் வேகமும் தாய் கொடுத்தது, சொறிபிடித்த கம்பளம் மாதிரியான முடி தகப்பன் கொடுத்தது. குட்டியாக இருந்தபோதே பாடம் ஆரம்பித்துவிட்டது. ஜெத்ரோவின் மனைவி ஹெப்சிபா காவலாளி மாதிரி பளபளக்கும் பூட்ஸும் உருண்டைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு துடைப்பத்தோடு துரத்துவாள். பளபளக்கும் பூட்ஸைக் கண்டால், எஜமானை இந்த ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்பதுபோல விலகி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்த வட்டாரத்தில் லர்ச்சர் வளர்ப்பவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. பிப் கொஞ்சம் அதிகமாகவே தேறிவிட்டது. இன்றைக்கும் தெருவில் ஹெப்சிபாவைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும்.

கயிறு அவிழ்ந்தது.

பிப் ஜெத்ரோவைப் பார்த்தது. விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல. பிறகு கடந்து போனது.

அவனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, கண் கேச்போலின் துப்பாக்கிக்குப் போனது. இரண்டும் ஒரே நேரத்தில்.

மேஜர் கண்ணைச் சுருக்கி முன்னால் குனிந்தார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. நாலு பேர் முன்னால் அதைப் போட்டால் ராணுவ மிடுக்கு குறைந்துவிடும் என்பதால் பையிலேயேதான் இருக்கும்.

தரையோடு தரையாக ஏதோ சாம்பல் நிறத்தில் நகர்வது அவருக்குத் தெரிந்தது.

“இதுவா வேட்டை நாய்? இது எலியக்கூடப் பிடிக்காதேய்யா.”

பிறகு பிரசங்கம் தொடங்கியது. வேட்டை என்றால் கிரேஹவுண்ட், கிரேஹவுண்ட் என்றால் உயரம், உயரம் என்றால் குலம். இந்த உயரத்தில் இருப்பதெல்லாம் அம்மாமார்கள் மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டுவதற்கு.

ஜெத்ரோவின் காது சிவந்தது. அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாதம் அதுதான். ‘ஆமாங்கய்யா’ என்று தலையாட்டினால் போதும்.

தலை ஆடவில்லை. முயல் திரும்பும் இடத்தைத் தாண்டி நாலு வயல் ஓடி நிற்கும் கிரேஹவுண்ட். பிப் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் திரும்பும். பெரிய நாய் வேலிக்கு வெளியே நின்று விழிக்கையில் இது பூனை நுழையும் சந்தில் நுழைந்து வெளியே வந்திருக்கும். குரைக்காது. பிடித்த முயலை ஒரு பல்லும் படாமல், உயிரோடு, நேரே கையில் கொண்டுவந்து கொடுக்கும். இத்தனையும் ஜெத்ரோவின் நாக்கு நுனியில் வந்து நின்றன.

பின்னாலிருந்து ஹெப்சிபா அவன் காலை மிதித்தாள்.

“நாய்க்கு இருக்குற புத்தியாவது ஒனக்கு இருக்கட்டும்,” என்றாள் பல்லிடுக்கில்.

வாயை மூடிக்கொண்டான்.

பிப் அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. கேச்போலின் பூட்ஸ் பளபளத்தது, ஒதுங்கியது. எழுத்தரின் பூட்ஸ், ஒதுங்கியது. ஒரு தாவலில் மேசைமேல் ஏறி, செத்த முயலை வாயில் கவ்விக்கொண்டு மேஜர் பக்கம் இறங்கியது.

அந்த அறையிலேயே அதிகம் பளபளத்தது அவருடைய பூட்ஸ்தான். பிப் அதன்மேலேயே உட்கார்ந்தது. முயலை அவர் கையில் வைத்தது. அவருடைய இடது கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

மேஜரின் கை, மேஜரைக் கேட்காமலேயே, பைக்குள் போய் ஒரு பாலாடைக்கட்டித் துண்டோடு வெளியே வந்தது.

இன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் ஜெத்ரோவுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜர் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு, பிப்பின் வாயில், ஒரு முயல் போகும். பதிலுக்குப் பிப்புக்கு ஒரு பாலாடைக்கட்டித் துண்டு, பூந்தொட்டிக்கு அடியில் ஜெத்ரோவுக்கு ஒரு புகையிலைப் பொட்டலம். நாய் யாருடையது என்று மேஜர் கேட்டதே இல்லை. கேட்டால், நீதிபதி என்ற முறையில் தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

மேஜர் முயலை மெல்ல மேசைமேல் திரும்ப வைத்தார்.

இவ்வளவு சிறிய நாய் முயல் பிடித்திருக்க வழியே இல்லை என்று மேஜர் தீர்ப்புச் சொன்னார். அந்த முயல் தானாகவே செத்தது என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னார். நாய் ஏதோ வழிதவறி வந்தது, வந்த வழியே போகட்டும்.

ஜெத்ரோ திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சருகு லேசாக நொறுங்கிக்கொண்டே கூட வந்தது. சிறை போயிற்று, வீடு தங்கிற்று, நாய் தப்பிற்று. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

“எலியக்கூடப் பிடிக்காதாமே,” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான், வீடு வந்து சேரும்வரை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜர் கொல்லைக் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கண்ணாடி இல்லாமல், இருட்டில் கையை நீட்டினார். பிப் கொண்டுவந்ததை, ஒரு பல்லும் படாமல், உயிரோடு, நீள வாலோடு, நேரே அந்தக் கையில் வைத்தது.